ஆமர் வீதியிலிருந்து புறக்கோட்டை வரை: நடைபாதைக்கும் கானுக்கும் பணம் யார் தருவது?

கேள்வி: கடைவாசல்

கொழும்பு ஆமர் வீதிச் சந்தியிலிருந்து புறக்கோட்டைப் பக்கம் போகும் வழியில் சுமார் 600 மீற்றருக்கு வணிகர் சங்கம் ஒரு மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கிறது. கட்டுநாயக்க அதிவேக வீதியும் புதிய களனிப் பாலமும் வந்த பிறகு, வடக்குப் பக்கமிருந்து நகருக்குள் வரும் சனத்துக்கு இது ஒரு முக்கிய வாசல். ஆனால் நடைபாதைக் கல் பெயர்ந்து கிடக்கிறது. ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் கான் (மழைநீர் வாய்க்கால்) பொங்கிக் கடைப் படிவரை தண்ணீர் ஏறுகிறது. இரவில் பல இடம் இருட்டு.

தெரிந்தவர்கள் சொல்லுங்க. மாநகர சபையிடம் கேட்பதா, வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்பதா? கடைக்காரர்களே காசு சேர்த்துச் செய்ய முடியுமா? வெளிநாடுகளில் அந்தந்தத் தெருக் கடைகளிடமே தனி வரி எடுக்கிறார்களாமே, இங்கே அதற்கு வழி உண்டா? திருப்பி அனுப்பப்படாத மாதிரி மதிப்பீட்டை எப்படி எழுதுவது?

பதில் 1: வீதிக்கோடு

பணத்தைத் தேடுமுன் வீதி யாருடையது என்று எழுத்தில் வாங்குங்க. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி வகுப்பு மாகாணத்துக்கு, மற்றவை உள்ளூராட்சிக்கு என்பது பொது விதி. நகருக்குள் அது அவ்வளவு நேராக இருக்காது. தார் ஒரு அலுவலகம், நடைபாதையும் விளக்கும் மாநகர சபை, தண்ணீர்க் குழாய் நீர் வழங்கல் சபை, மழைநீர் போய் விழும் கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என்று ஒரே குறுக்குவெட்டில் நாலு சொந்தக்காரர் இருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதி ஒரே இடத்தில் கொடுத்தால், ஒவ்வொரு மேசையும் "இது எங்கள் பொறுப்பல்ல" என்ற ஒரு வரியைக் கண்டுபிடித்துக் கோவையை அடுத்த மேசைக்குத் தள்ளும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு விண்ணப்பம் போடுங்க, மாநகர சபைக்கு ஒன்று, அதிகார சபைக்கு ஒன்று. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வீதியின் வகுப்பு, வீதிக்கென விட்ட ஒதுக்கத்தின் அகலம், வீதிக்கோட்டு (வீதியை அகலமாக்கினால் எதுவரை வரும் என்று குறித்த கோடு) வரைபடம், கானின் சரிவைக் காட்டும் நீள்வெட்டு வரைபடம், கடந்த 5 வருடத்தில் அந்தத் துண்டுக்குச் செலவழித்த தொகை, அடுத்த வருடத்துக்கு ஏதாவது திட்டமிட்டிருக்கிறதா என்பது வரை கேளுங்க. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீங்க. தண்ணீர்க் குழாய் மாற்றப் போகிற வருடத்தில் நடைபாதை போட்டால் அந்தப் பணம் மண்ணோடு போகும்.

வீதிக்கோட்டைப் பற்றி ஒன்று. காணி வாங்கி விற்ற எல்லாருக்கும் வீதிக்கோட்டுச் சான்றிதழ் தெரியும். கோடு ஒரு கடையின் முன்பகுதிக்குள்ளால் போகிறது என்பதற்காக அந்தத் துண்டு சபைக்குச் சொந்தமாகிவிடாது. சுவீகரித்து நட்டஈடு கொடுக்கும்வரை அது உரிமையாளரின் காணிதான். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தில், 2ஆம் பிரிவு அறிவித்தலிலிருந்து 17ஆம் பிரிவு நட்டஈட்டுத் தீர்மானம் வரை போவதற்கு வருடங்கள் எடுக்கும். ஆகவே திட்டத்தை இன்று இருக்கும் ஒதுக்கத்துக்குள்ளேயே வரையுங்க. ஒரே ஒரு கடைக்கு முன்னால் சுவீகரிப்புத் தேவைப்பட்டாலும் 600 மீற்றரும் அந்த ஒரு கடைக்காகக் காத்திருக்கும்.

பதில் 2: அளவுப்பட்டியல்

மதிப்பீடுகள் திரும்பி வரப் பெரிய காரணம், "நடைபாதை அழகுபடுத்தல்" என்று தலைப்புப் போட்டுக் கானை மறந்துவிடுவது. உங்கள் இடத்தில் முதல் வேலை கான்.

கணக்கைப் பாருங்க. 600 மீற்றர் நீளம், கட்டிடத்திலிருந்து கட்டிடம் 15 மீற்றர் அகலம் என்று வைத்தால் 9,000 சதுர மீற்றர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழை அந்தப் பரப்பில் மட்டும் வினாடிக்கு 250 லீற்றர் தருகிறது. கூரைத் தண்ணீர் இதில் சேரவில்லை. 450 மி.மீ. அகலக் கொங்கிரீட் கான், 300க்கு 1 சரிவில், 300 மி.மீ. ஆழத்துக்கு ஓடினால் வினாடிக்கு ஏறத்தாழ 130 லீற்றர் கொண்டுபோகும். இரண்டு பக்கமும் சேர்த்து 260. அதாவது வீதியில் விழும் மழைக்கே மட்டுமட்டு. கானில் 150 மி.மீ. மண் நின்றால் ஒரு பக்கம் ஓடக்கூடியது ஏறத்தாழ 50 லீற்றராக விழும். ஆழம் பாதியாகும்போது கொள்ளளவு பாதிக்கும் கீழே போகிறது. கடைப் படியில் தண்ணீர் ஏறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் புதுக் கான் கட்டாமல் தூர் வாரி, உடைந்த மூடிகளை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மூடியைத் திறந்து மண்ணின் ஆழத்தை 20 மீற்றருக்கு ஒரு இடம் அளந்து அட்டவணையாக இணையுங்க. தண்ணீர் கடைசியில் எந்தக் கால்வாயில் விழுகிறது, அந்த வாய் திறந்திருக்கிறதா என்பதையும் நேரில் பாருங்க. வெளிவாய் அடைபட்டிருந்தால் மேலே எவ்வளவு அகலமாகக் கட்டியும் பயனில்லை.

மூடிப் பலகையை 600 × 450 × 100 மி.மீ. அளவில் வையுங்க. ஒன்று 65 கிலோ வரும், கொக்கி போட்டு இரண்டு பேர் தூக்கலாம். மீற்றர் நீளப் பலகை போட்டால் யாராலும் தூக்க முடியாது, பிறகு கான் துப்புரவாகவே மாட்டாது.

நடைபாதைக்கு, இருபக்கமும் 2.4 மீற்றர் என்றால் 2,880 சதுர மீற்றர். 200 × 100 மி.மீ. இன்டர்லொக் கல் சதுர மீற்றருக்கு 50, ஆக 1,44,000 கல், சேதாரம் 5 வீதம் சேர்த்து 1,51,200. அடியில் 150 மி.மீ. ஏபிசி (சல்லி அடித்தளம்) 432 கன மீற்றர், அதன்மேல் 30 மி.மீ. மணல் 86 கன மீற்றர். இவை இறுக்கிய பிறகுள்ள அளவுகள், லொறிக் கணக்கில் கூடும். கேர்ப் கல் (நடைபாதை ஓரக் கல்) 1,200 மீற்றர். கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 1425 (இலங்கைத் தர நியமம்) என்று எழுதுங்க, பரிசோதனை அறிக்கையையும் அளவுப் பட்டியலில் ஒரு உருப்படியாகச் சேருங்க. எழுதாவிட்டால் எந்தக் கல்லும் வரும். கானை நோக்கி 2.5 வீதச் சரிவு வேண்டும். சந்திகளில் 12க்கு 1 சாய்தளம், 2006ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகளைப் பார்க்கலாம்.

தொகையை இப்படிக் கட்டுங்க: அடிப்படை வேலை 100 ரூபா என்றால், எதிர்பாராச் செலவு 10 வீதம் சேர்த்து 110, அதன்மேல் 18 வீத வற் சேர்த்து 129 ரூபா 80 சதம். சங்கங்கள் அனுப்பும் கடிதங்களில் வெறும் 100தான் இருக்கும். அந்தத் தொகையே ஒதுக்கப்பட்டால் வேலையில் கால்வாசி ஏற்கெனவே போய்விட்டது. கம்பம் நகர்த்த மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனமும் குழாய் நகர்த்த நீர் வழங்கல் சபையும் தனித்தனி மதிப்பீடு தருவார்கள், பணம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். அவற்றையும் மேலே சேர்க்க வேண்டும்.

கடைவாசல்

நன்றி, அந்த மண் அட்டவணை வேலையைத் தொடங்கலாம். இன்னும் இரண்டு: இருபக்கமும் இரும்புக் கடையும் ஹார்ட்வெயாரும், லொறிகள் நடைபாதையில் பின்சக்கரம் ஏற்றித்தான் சாமான் இறக்கும். அதை எப்படிச் சமாளிப்பது? மற்றது, சில முதலாளிமார் பணம் தர இப்போதே தயார். வாங்கலாமா?

பதில் 3: திறைசேரி நிழல்

லொறி விஷயத்தை அளவுப்பட்டியல் சொல்லட்டும், நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

வெளிநாட்டு முறை என்று நீங்கள் சொல்வதன் தொடக்கம் 1970இல் ரொறன்ரோவின் புளூர் மேற்கு வணிகப் பகுதி. அங்கே சட்டம் இருக்கிறது: போதிய அளவு கடைகள் எதிர்க்காவிட்டால், நகர சபையே சொத்து வரியோடு சேர்த்து எல்லாரிடமும் வசூலித்து அந்தத் தெருவின் சபைக்குக் கொடுக்கும். அமெரிக்காவில் 1952இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இன்னொரு முறை, மேம்பாட்டால் கூடும் சொத்து வரியை ஒதுக்கிவைத்து அதே பகுதிக்குச் செலவழிப்பது. இங்கே வணிகர் சங்கத்துக்குக் கட்டாய வசூல் உரிமை கிடையாது. சங்கம் வாங்குவதெல்லாம் நன்கொடைதான், தராத கடைக்காரரை ஒன்றும் செய்ய முடியாது. சென்னைப் பாண்டி பஜாரில் 2019இல் திறந்த நடைபாதை வளாகம்கூட ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் அரசுப் பணத்தில் வந்தது, கடைக்காரர் காசில் அல்ல.

இங்கே உள்ள வழிகளில் முதலாவது மாநகர சபையின் மூலதனச் செலவு. இது மதிப்பீட்டு வரி, வியாபார உரிமக் கட்டணம், விளம்பரக் கட்டணம், வாகனத் தரிப்பிடக் கட்டணம் ஆகியவற்றிலிருந்து வருவது. இரண்டாவது முத்திரை வரி. நகருக்குள் இருக்கும் காணிகளின் உறுதிகளுக்கான முத்திரை வரியை மாகாணம் வசூலித்து உள்ளூராட்சிக்குத் திருப்பித் தரவேண்டும். அது தாமதமாக மொத்தமாக வரும் பணம். ஒருதரம் வரும் பணத்தை ஒருதரம் செய்யும் வேலைக்குப் போடுங்கள் என்று உங்கள் உறுப்பினர் சபையில் பிரேரணை கொண்டுவந்தால் மறுப்பது கடினம். எனக்கு மிக நம்பிக்கையான வழி இதுதான். மூன்றாவது, பாராளுமன்ற உறுப்பினர்கள் பரிந்துரைக்கும் வேலைகளுக்கான பன்முகப்படுத்தப்பட்ட நிதி. சிறிய தொகை, டிசம்பர் 31க்குள் முடிக்க வேண்டும். மூடிப் பலகை, விளக்கு என்று உடைத்துக் கேளுங்க, கானுக்குக் கேட்காதீங்க.

1916இலிருந்து இருக்கும் உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியத்தைச் சிலர் சொல்வார்கள். அது கடன். வருமானம் வராத நடைபாதைக்குக் கடன் எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தரிப்பிடம் கட்டினால் பேசலாம். வெளிநாட்டுக் கடன் 600 மீற்றருக்குத் தனியாக வராது. உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கொழும்புப் பெருநகரத் திட்டம் வெள்ளத் தடுப்பு, கால்வாய் என்று நகர் முழுவதற்கும் போடப்பட்டது. அப்படி ஒன்று மறுபடி வரும்போது உள்ளே சேர்க்கத் தயாரான வரைபடம் கையில் இருந்தால் போதும்.

முதலாளிமார் பணத்தைச் சங்கத்தின் கணக்கில் போடாதீங்க. மாநகர சபைக்கு நன்கொடையாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்க. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் உள்ளூராட்சி மன்றத்துக்குத் தரும் நன்கொடை தகைமைபெறும் கொடுப்பனவு, வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். கணக்காளரிடம் பற்றுச்சீட்டின் வாசகத்தை முன்கூட்டிக் காட்டுங்க.

பதில் 4: பாதசாரி

நன்கொடை விஷயத்தில் ஒரு மறுப்பு. கல்லுக்குக் கடைக்காரரிடம் பணம் வாங்கவே வேண்டாம். தன் கடைக்கு முன்னால் உள்ள 6 மீற்றருக்குப் பணம் தந்தவர் அதைத் தன் இடமாகத்தான் பார்ப்பார். பிறகு அங்கே இரும்புக் குழாய் அடுக்கினால் எந்த உரிமையில் எடுக்கச் சொல்வது? தெரு வியாபாரிகளை மட்டும் எழுப்பிவிட்டுக் கடைச் சாமானை விட்டுவைக்கிற அநியாயமும் இதிலிருந்துதான் பிறக்கிறது. அந்த வியாபாரிகளுக்கு இடத்தை வரைபடத்திலேயே குறியுங்க. கேர்ப் ஓரமாக 1 மீற்றர் ஆழம் கொடுத்தாலும் நடக்க 1.4 மீற்றர் மிஞ்சும். குறிக்காவிட்டால் நடுவில் வந்து உட்காருவார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

நன்கொடை வேண்டுமானால் பராமரிப்புக்கு வாங்குங்க. கான் தூர் வாருதல் வருடம் இரண்டு முறை, ஏப்ரலிலும் செப்டம்பரிலும். தென்மேல் பருவம் மே மாதம் தொடங்கும், ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. எந்த வரவுசெலவிலும் முதலில் வெட்டப்படும் செலவு இதுதான்.

பதில் 5: அளவுப்பட்டியல்

பாதசாரி சொல்வதோடு உடன்படுகிறேன்.

லொறிக்கு: சாமான் இறக்க 3 அல்லது 4 இடத்தை மட்டும் தெரிவு செய்து, அங்கே 80 மி.மீ. கல், அடியில் 100 மி.மீ. கொங்கிரீட். மற்ற இடங்களில் 60 மி.மீ. போதும், ஆனால் 1.5 மீற்றருக்கு ஒரு தடுப்புக் கம்பம் வேண்டும். கம்பம் இல்லாமல் 60 மி.மீ. கல் போட்டால் முதலில் மணல் ஒருபக்கம் ஒதுங்கும், கல் ஒரு மூலையில் தாழும், அதில் தண்ணீர் நிற்கும், அடுத்த லொறியில் உடையும். கான் மூடிக்கு மேலால் சக்கரம் போகும் இடத்தில் 150 மி.மீ. கனமான மூடி, இரும்பு அளவை வடிவமைப்பாளர் தனியாகக் கணிக்க வேண்டும்.

கல் போடுமுன் 50 மீற்றருக்கு ஒரு இடத்தில் வீதிக்குக் குறுக்கே 110 மி.மீ. பிவிசி குழாய் மூன்று வெறுமையாகப் புதைத்து வாய் மூடிவிடுங்க. தொலைபேசிக்காரரும் மின்சாரக்காரரும் வந்தால் அதற்குள்ளால் கேபிள் இழுக்கலாம், வெட்டத் தேவையில்லை. மொத்தச் செலவில் மிகச் சிறிய உருப்படி. மதிப்பீட்டைக் குறைக்கச் சொன்னால் அலங்கார விளக்கை வெட்டுங்க, இதை வெட்ட விடாதீங்க.

காலம்: சபையின் வரவுசெலவு டிசம்பரில் நிறைவேறும், ஆகவே ஓகஸ்டுக்குள் உங்கள் கோவை பொறியியல் பிரிவில் இருக்க வேண்டும். ஜனவரியில் விலைமனு கோரினால், விளம்பரத்துக்கு மூன்று வாரம், மதிப்பாய்வு, ஒப்பந்தம் என்று மார்ச் ஆகிவிடும். மே மழைக்கு முன் கான் மட்டும் முடிப்பது சாத்தியம். கல்லை ஜூலைக்குப் பின் தொடங்குங்க, 100 மீற்றர் துண்டுகளாக, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். கடைகளுக்குப் பலகைப் பாலம் போடுவதையும் அளவுப் பட்டியலில் எழுதுங்க, இல்லாவிட்டால் ஒப்பந்தகாரர் அதற்குத் தனிப் பணம் கேட்பார். ஒப்பந்தகாரருக்குத் தராமல் தடுத்துவைக்கும் 5 வீதத்தில் கடைசிப் பாதியை ஒரு முழு மழைக்காலம் பார்த்த பிறகே விடுவிக்கும்படி 365 நாள் குறைபாட்டுக் காலம் (குறைகளை ஒப்பந்தகாரரே திருத்த வேண்டிய காலம்) போட்டிருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்க. அந்தக் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, மழை பெய்த அடுத்த நாள், பொறியியலாளரோடு முழு நீளமும் நடந்து தண்ணீர் நிற்கும் இடங்களைப் படமெடுத்து எழுத்தில் கொடுங்க.