ராம்நாட்டுப் பெரிய பள்ளிக்கு அனுப்பலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அம்மா:

என் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பில் 461 வாங்கியிருக்கிறாள். படித்தது ராமேஸ்வரம் தீவிலேயே உள்ள அரசுப் பள்ளி. ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "இவ்வளவு மார்க் வாங்கிட்டு இங்கேயே கிடக்கணுமா? ராம்நாட்டுல கொண்டுபோய்ச் சேரு." அவர்கள் சொல்வது ராமநாதபுரத்தில் பேர்போன ஒரு மெட்ரிக் பள்ளியை. பெயர் வேண்டாம். 2017-இல் என் மூத்த மகனை அங்கேதான் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தோம்.

அவன் பத்தாம் வகுப்பில் 438. முதல் குரூப்புக்கு 450 வேண்டும் என்றார்கள். மூன்று நாள் நடந்து, கெஞ்சி, இடம் வாங்கினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கரையில்தான் நிற்கும். பள்ளிக்கூடங்கள் பணம் கேட்பதும் சரியாக அந்த நாட்களில்தான். என் தோட்டை அடகு வைத்துத்தான் கட்டினோம்.

காலை ஆறு மணிக்கு பஸ். பாம்பன் பாலம் தாண்டி ஏறத்தாழ 45 கிலோமீட்டர். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு வர ஒன்பது ஆகும். சாப்பிட்ட தட்டு முன்னாலேயே தூங்கிவிடுவான். காலாண்டில் இயற்பியலில் 31. அரையாண்டிலும் தேறவில்லை. எங்களைக் கூப்பிட்டார்கள்.

மேஜை மேல் ஒரு கடிதம் தயாராக இருந்தது. எல்லாம் டைப் அடித்து, பையன் பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். எங்கள் சொந்த விருப்பத்தில் டி.சி. வாங்கிக்கொள்கிறோம், பையன் தனித்தேர்வராக எழுதிக்கொள்வான் என்று அதில் இருந்தது. என் வீட்டுக்காரர் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "எம்புள்ள இங்கேயே எழுதட்டும் சார்" என்றார். அவ்வளவுதான் பேசினார். பையன் என் பக்கத்தில்தான் நின்றான், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

அந்தப் பள்ளியிலேயே ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரால்தான் அவன் பிளஸ் டூ தேறினான். அதையும் சொல்லாவிட்டால் பாவம். இப்போது மகளை அதே இடத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அவள் மார்க் அதிகம், அவளை நன்றாகத்தான் நடத்துவார்கள். அதுதான் என் மனசை அறுக்கிறது.

கீழக்கரையிலிருந்து:

லாத்தா, அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனாலும் பெரிய பள்ளி என்றாலே இப்படித்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் தொண்ணூறுகளில் ராமநாதபுரத்தில் அரசு உதவி பெறும் ஒரு பழைய பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவன். வாப்பா சவூதியில் இருந்தார், உம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். என்னைச் சேர்த்த அன்று மார்க்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அங்கே ஆய்வகத்தில்தான் முதன்முதலாக பியூரெட்டைக் கையில் பிடித்தேன். முப்பது வருடம் ஒரே பள்ளியில் இருந்த ஆசிரியர்கள், அண்ணனுக்கும் எனக்கும் அவர்களே பாடம் எடுத்தார்கள். இரண்டு நாள் வகுப்புக்கு வராவிட்டால் விடுதிக்கே தேடி வந்துவிடுவார்கள். அந்தப் பெயர் அவர்கள் உழைத்துச் சம்பாதித்தது.

ராமநாதபுரத்துச் சுவார்ட்ஸ் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அங்கே படித்தவர். தன் ஆசிரியர் ஐயாதுரை சாலமனைக் கடைசிவரை பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். ஒரு படகுக்காரர் வீட்டுப் பையனைச் சேர்த்துக்கொண்டு ஆளாக்கிய பள்ளிக்குக் கிடைத்த பெயரும், மார்க் பார்த்து ஆள் எடுக்கும் பள்ளிக்குக் கிடைக்கும் பெயரும் ஒன்றாகுமா?

தொண்டிப் பக்கத்திலிருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியர்:

கீழக்கரைத் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கலாமுக்குச் சொல்லிக்கொடுத்தது ராமேஸ்வரத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். கரும்பலகையில் படம் போட்டதோடு விடாமல் பிள்ளைகளைக் கடற்கரைக்கே அழைத்துப்போய்க் காட்டினார். வானத்தில் பறக்கும் ஆசை தனக்கு அங்கேதான் வந்தது என்று கலாமே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தத் தொடக்கப் பள்ளியை யாரும் பேர்போன பள்ளி என்று சொல்லிக் கேட்டதில்லை.

சரி, நூறு சதவீதம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். 40 பேர் எழுதி 40 பேரும் தேறினால் நூறு சதவீதம். அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர் என்று கேளுங்கள். 55 என்றால், மீதி 15 பேர் எங்கே? ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் டி.சி., இல்லையென்றால் தனித்தேர்வர். பதினொன்றில் சேர்க்கும்போது 450-க்கு மேல் வாங்கியவர்களை மட்டும் எடுத்தால், எந்தப் பள்ளியும் நல்ல ரிசல்ட் காட்டும். வாசல் ஃபிளெக்ஸில் சிரிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் வேறு பள்ளியில் பத்து வருடம் படித்துவிட்டு வந்தவர்கள்.

அந்த 2017-இல்தான் மாநில அளவில் முதல், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதை அரசு நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வைக் கொண்டுவந்ததும் அந்தக் கல்வியாண்டில்தான். பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் நடத்திவந்தன. தங்கச்சி, உங்கள் பையன் போய்ச் சேர்ந்தது அந்த நேரம். மார்க் குறைவாக எடுக்கக்கூடிய பிள்ளை அவர்களுக்குத் திடீரென்று ஒரு வருடம் முன்னாலேயே பாரமாகிவிட்டான். இப்போது அந்தத் தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். பழைய பழக்கம் திரும்புகிறதா என்று பெற்றோர்தான் பார்க்க வேண்டும்.

நான் வேலை பார்த்தது அரசுப் பள்ளிகளில். எங்களுக்கும் ரிசல்ட் மீட்டிங் உண்டு, சதவீதம் குறைந்த பள்ளித் தலைமையாசிரியரை எழுப்பி நிற்க வைப்பார்கள். அந்தப் பயத்தில் ஒரு வருடம், நண்டு வலைக்குப் போய்விட்டு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்த ஒரு பையனை, அடுத்த வருடம் எழுது என்று நானே சொல்லி அனுப்பினேன். அவன் பிறகு எழுதவே இல்லை. பல வருடம் கழித்துச் சந்தையில் பார்த்தேன். "சார், நல்லா இருக்கீங்களா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு நான் எந்தப் பிள்ளையையும் அப்படி அனுப்பவில்லை. அவனுக்கு அதனால் என்ன பயன்?

மண்டபத்திலிருந்து:

அக்கா, ஒன்பதாம் வகுப்போடு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி. கணக்கு வரவில்லை என்று டி.சி. கொடுத்தார்கள். அரசுப் பள்ளிக்கு வந்து பிளஸ் டூ முடித்தேன், இப்போது லேப் டெக்னீசியன். இன்னொன்றும் பாருங்கள். 2020-இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். அடுத்த வருடம் பொறியியல் மாதிரிப் படிப்புகளுக்கும் வந்தது, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு. இரண்டு வருடம் மெட்ரிக் பள்ளிக்குப் போனால் இத்தனை வருடம் அரசுப் பள்ளியில் படித்தது கணக்கில் வராது. நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க.

தங்கச்சிமடத்து அம்மா, மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. சார் சொன்ன கேள்வியோடு அந்தப் பெரிய பள்ளிக்கு நானும் மகளும் போனோம். 461 என்றதும் நாற்காலி போட்டார்கள், ஃபீஸில் சலுகை உண்டு என்றார்கள். அவள் அண்ணனுக்குப் போடாத நாற்காலி. "ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தாங்க, பத்தாவது எத்தனை பேர் எழுதினாங்க?" என்று கேட்டேன். அதெல்லாம் ஆபீஸ் விஷயம் என்றார்கள். வெளியே வந்ததும், "அண்ணனுக்கு இங்கேதானம்மா லெட்டர் வச்சிருந்தாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது, தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் இங்கே உள்ள பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை நோட்டை எடுத்து ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கையையும் பத்தாவது எழுதியவர்கள் எண்ணிக்கையையும் காட்டினார். நின்றுபோன மூன்று பேரின் வீட்டுக்கு யார் போய்ப் பேசியது என்பது வரை சொன்னார். பிறகு அவரே, "இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியா இருக்கு, உங்ககிட்ட மறைக்கக் கூடாது" என்றார். ஆசிரியர் இல்லாமல் முதல் குரூப் எப்படி என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. அப்புறம் அங்கேயே சேர்த்துவிட்டேன்.

ஆள் போடும் வரை பெற்றோர் ஆசிரியர் கழகம் (பி.டி.ஏ.) மூலமாகத் தற்காலிகமாக ஒருவரை வைக்கலாம் என்றார்கள். கீழக்கரைத் தம்பி, உங்களோடு படித்தவர்களில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஊரில் இருப்பவர் யாராவது உண்டா? வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். நிரந்தர ஆசிரியர் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை 23 பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மற்ற வீட்டு ஆண்கள் புதன்கிழமை கடலுக்குப் போகிறார்கள். வியாழன் காலை படகு கரைக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பேனாவோடு அங்கே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.