போர்வையில் சுற்றி வந்த ஹார்ன்

வியாசர்பாடியில் எனக்கு டிங்கர் கடை. ஒரு மழை நாளில் இருபது வயசுப் பையன் ஒருவன் போர்வையில் சுற்றி ஒரு வாத்தியம் கொண்டுவந்தான். ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கும்போது விழுந்து, அகன்ற வாய்ப்பக்கம் மடங்கிவிட்டது.

பேண்டு செட் சாமான் என்று நினைத்தேன். "இல்லண்ணா, பிரெஞ்சு ஹார்ன்" என்றான். அவன் அப்பா கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் டிரம்பெட் ஊதுகிறவர். பையனுக்கு மட்டும் இந்தக் கிறுக்கு.

சுத்தியலை நான் தொடவே இல்லை. பித்தளைத் தகடு அவ்வளவு மெல்லிசு. உருட்டுக்கட்டையை உள்ளே கொடுத்துத் தேய்த்துத் தேய்த்தே நிமிர்த்தினேன். சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். சுருளைப் பிரித்து நீட்டினால் குழாய் 12 அடி வருமாம். வலது கையை ஹார்னின் அந்த அகன்ற வாய்க்குள் விட்டுத்தான் வாசிக்க வேண்டுமாம். மொசார்ட் என்ற பழைய இசை மேதை காலத்தில், சுரம் மாற்ற விரலால் அழுத்தும் வால்வே கிடையாது, பல சுரங்களை அந்தக் கையை வைத்துத்தான் பிடித்தார்கள் என்றான். எனக்குப் பாதிதான் புரிந்தது.

டென்னிஸ் பிரெய்ன் கதை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர், பெரிய ஹார்ன் வித்வான். அவருக்கும் அப்பாதான் வாத்தியார். 1938இல், 17 வயசில், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து முதல் கச்சேரி. 1957இல் எடின்பரோவில் வாசித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் திரும்பியவர் மரத்தில் மோதிப் போய்விட்டார். வயசு 36. கார் என்றதும் எனக்குக் கை நின்றுவிட்டது. இந்தத் தொழிலில் அப்படி எத்தனை வண்டி பார்த்திருப்பேன்!

கூலி வாங்கவில்லை. அதற்காகவோ என்னவோ, டிசம்பரில் அவனுடைய முதல் கச்சேரிக்குக் கூப்பிட்டான். சர்ச்சில் நானும் அவன் அப்பாவும் கடைசி பெஞ்சில். பையன் ரொம்ப நேரம் மடியில் ஹார்னை வைத்துக்கொண்டு, தன் முறை வரும்வரை தாளத்தை விரலால் எண்ணிக்கொண்டே இருந்தான். நடுவில் ஒருமுறை அதைச் சுழற்றி உள்ளே கோத்திருந்த தண்ணீரைக் கவிழ்த்தான். அப்புறம் எடுத்தான். முதல் சுரமே பிசிறியது. மேல் ஸ்தாயியில் சுரங்கள் நெருக்கமாக இருக்கும், உதடு துளி நழுவினால் பக்கத்துச் சுரம் வந்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்தான். ஆனால் அடுத்த வரி, அடடா, தேன்தான்.

வெளியே வந்ததும், "முதல்லயே பிசிறிடுச்சு நைனா" என்று தலையைக் குனிந்தான்.

அவருக்குக் கவலை வேறு. "அவ்ளோ நேரம் சும்மா குந்திகினு இருந்தியே, துட்டு முழுசா குடுப்பாங்களா?"