தலைவரோட மச்சானுக்கே ஊராட்சி வேலைய குடுத்தா தப்பா?

காவிரிக்கரையான்:
எங்க ஊராட்சில வாய்க்கால் தூர்வாருறதுல இருந்து பேவர் பிளாக் ரோடு வரைக்கும் ஓடுறது ஒரே ஜேசிபி தான், தலைவரோட மச்சான் வண்டி. சிமெண்ட், பைப்பு எல்லாம் தலைவரோட அண்ணன் கடை. கேட்டா "என் பேர்ல ஒரு பில்லு இருந்தா காட்டுங்க"ன்னு சிரிக்கிறார். 1994 ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சி காண்ட்ராக்ட்ல பங்கு இருந்தா பதவிக்கே தகுதி இல்ல. ஆனா மச்சான் பேர்ல போட்டுட்டா என்ன பண்றது?

வரப்போரம்:
ஒண்ணும் பண்ண வேணாம் தம்பி. ரெண்டாயிரம் பேர் இருக்கற ஊர்ல பாதி பேர் மாமன் மச்சான், மீதி பேர் பங்காளி, யாருக்கு குடுத்தாலும் சொந்தக்காரனுக்கு குடுத்தான்னு தான் பேச்சு வரும். டவுன்லேந்து ஜேசிபி வரவழைச்சா வண்டி வந்து போற டீசலும் நம்ம தலைல தானே? நடுராத்திரி மெயின் பைப்பு ஒடஞ்சா டெண்டர் விட்டுட்டு உக்காந்திருப்பீங்களா? வேலை நடந்துச்சா, ரேட்டு சரியா, அத மட்டும் பாருங்க.

வார்டு4_முன்னாள்:
அந்த ரேட்டு சரியான்னு பாக்கப்போறது யாருங்கறது தானே பிரச்சனையே அண்ணே. நானும் ஒரு தடவை வார்டு மெம்பரா இருந்தவ தான். கூட்டம்னு நோட்டீஸ் வரும், போனா ஆபீஸ் பூட்டியிருக்கும், சாயங்காலம் தீர்மான நோட்டு வீட்டுக்கே வரும், கையெழுத்து போட வேண்டிய எடத்துல பென்சில்ல டிக் அடிச்சு வச்சிருப்பாங்க. ஒரு நாள் மேல என்னதான் எழுதியிருக்குன்னு பாத்தா பாதி பக்கம் காலி, கேட்டதுக்கு "அப்புறமா எழுதிக்கலாம்க்கா". அந்த காலி எடத்துல தான் பின்னாடி மோட்டார் ரிப்பேர்னு மூணு பில்லு வந்து உக்காந்துச்சு, மூணும் ஒரே மோட்டாருக்கு. செக்ல தலைவரும் துணைத்தலைவரும் சேந்து கையெழுத்து போடணும்னு வச்சிருக்கறதே ஒருத்தர ஒருத்தர் கவனிக்கத்தான், எங்க ஊர்ல ரெண்டு பேரும் சம்பந்தி.

ஹாரோதமிழன்:
இங்க இங்கிலாந்துல 2011 லோக்கலிசம் சட்டப்படி கவுன்சிலர் ஆன 28 நாளுக்குள்ள தன்னோட வேலை, நிலம், கவுன்சிலோட இருக்கற காண்ட்ராக்ட் எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும், கணவன் மனைவியோடதும் சேத்து. கவுன்சில் வெப்சைட்ல யார் வேணா பாக்கலாம். அந்த விஷயம் கூட்டத்துக்கு வந்தா முன் அனுமதி இல்லாம பேசக்கூடாது, ஓட்டும் போடக்கூடாது. மீறினா கிரிமினல் குத்தம், கோர்ட் நெனச்சா 5 வருஷம் வரைக்கும் பதவிக்கு வர முடியாம பண்ணலாம்.

வரப்போரம்:
உங்க சட்டமும் புருஷன் பொண்டாட்டியோட நின்னுடுதே சார், மச்சான் எங்க வர்றான்?

ஹாரோதமிழன்:
வாஸ்தவம் தான், மத்த சொந்தபந்தம்லாம் அந்தந்த கவுன்சிலோட நடத்தை விதில வந்தா தான் உண்டு, அத மீறினா கேஸ் வராது. ஆனா ஒரு எடத்துல எழுதி வச்சாச்சுன்னா அடுத்தவன் கேள்வி கேக்க ஒரு பிடி கெடைக்குது. நம்ம ஊர்ல அதுவே இல்லையே.

காவிரிக்கரையான்:
நம்ம 1994 சட்டத்தோட 205-வது பிரிவுல தலைவர கலெக்டர் நீக்கலாம்னு இருக்கு, ஆனா அது பெரிய கத, நோட்டீஸ், விளக்கம், தாசில்தார் கூட்டம், அதுக்கப்புறம் ஹைகோர்ட்ல ஸ்டே.

வார்டு4_முன்னாள்:
கலெக்டர் வரைக்கும் அப்புறம் போங்க. ஆர்டிஐ போடறப்ப பில்லு காப்பி மட்டும் கேட்டு ஏமாறாதீங்க, எம்-புக் காப்பி கேளுங்க, அதாவது முடிஞ்ச வேலைய அளந்து எழுதுற அளவு நோட்டு, அதுல ஓவர்சீயர் எழுதுன அளவும் ரோட்டோட அளவும் ஒண்ணான்னு டேப் வச்சு பாருங்க. வேலைய நேர்ல பாக்கவும் சாம்பிள் எடுக்கவுமே 2005 தகவல் உரிமைச் சட்டத்துல (அதான் ஆர்டிஐ) உரிமை இருக்கு. ஜேசிபி எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னும் கேளுங்க, அங்க தான் காசு ஒளிஞ்சிருக்கும். அக்டோபர் 2 கிராம சபைல கணக்கு படிக்கறப்ப இதெல்லாம் கைல இருக்கணும்.

வரப்போரம்:
கேளுங்க, நான் வேணாங்கல. மணிக்கு இவ்வளவுன்னு வாடகைய போர்டுல எழுதி, வண்டி யாரோடதுன்னும் போடச் சொல்லுங்க, அதுக்கு நானே கை தூக்கறேன். ஆனா மச்சான் வண்டிங்கறதுக்காகவே வேணாம்னு தீர்மானம் போட்டீங்கன்னா எதுத்து பேசுவேன். அப்புறம் இன்னொண்ணு, கேக்கப்போற ஆளு வீட்லேந்து அடுத்த எலக்சன்ல யாராச்சும் நிக்கறாங்களா, அதையும் அங்கயே சொல்லிட்டு கேக்கச் சொல்லுங்க.

காவிரிக்கரையான்:
நான் தான்ணே நிக்கறேன். சொல்லிட்டே கேக்கறேன்.