புதுப்பிப்பு: மகேந்திரன் படங்களில் ஒன்றே ஒன்று என்றால்

இயக்குநர் மகேந்திரனின் படங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் எது என்று முன்பு கேட்டிருந்தேன். 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979) இரண்டுக்கும் நடுவே தவிப்பதாகவும் எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் மறுபடி பார்த்துவிட்டேன். என் தேர்வு 'உதிரிப்பூக்கள்'.

காரணம் சுந்தரவடிவேலு. விஜயன் அந்தப் பாத்திரத்தில் குரலை உயர்த்துவதே அரிது. வெள்ளை உடுப்பு, நிதானமான நடை, ஊருக்குப் பெரிய மனிதர். வீட்டுக்குள் மனைவியைச் சிறிது சிறிதாகக் கொல்கிறார். கொடுமையை இவ்வளவு தணிந்த குரலில் காட்டிய தமிழ்ப் படம் எனக்கு வேறு தெரியாது. கடைசியில் ஊரே திரண்டு அவரை ஆற்றுக்குள் இறங்கச் சொல்கிறது. அப்போது, உங்களையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் அவர் பேசுகிறார். தண்டிப்பவர்களின் கையையும் அழுக்காக்கிவிட்டுத்தான் போகிறார். இந்த முறை பார்த்தபோது தீர்ப்பு சொன்ன ஊரின் மீதும் எனக்குக் கோபம் வந்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலிலிருந்து புறப்பட்ட படம் என்றாலும் இது முழுக்க மகேந்திரனின் உலகம்.

'ஜானி'யைச் சொன்னவர்களுக்கு: ஸ்ரீதேவி வரும் காட்சிகளுக்காகவே அதையும் விரும்புகிறேன், ஆனால் முதலிடம் தர மாட்டேன். 'முள்ளும் மலரும்' நாயகன் காளி இரண்டாமிடத்தில் இருக்கிறான், மிக மிக அருகில். அடுத்து 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யை அசோக்குமாரின் ஒளிப்பதிவுக்காக மீண்டும் பார்க்கப்போகிறேன்.