புதுப்பிப்பு: மகனின் தூக்கம், பெரிட்டின் முடிவு

ஓட்டிசம் உள்ள என் 6 வயது மகன் நள்ளிரவு வரை காலை உதைத்துப் புரள்கிறான், என்ன செய்யலாம் என்று மாசியில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

இரவு 7 மணிக்கே போனையும் டிவியையும் நிறுத்திப் பார்த்தோம். படுக்கும் நேரம் ஒழுங்கானது, உதைப்பு நிற்கவில்லை. கைகொடுத்தது, இரத்தத்தில் பெரிட்டின் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்லி இங்கே பதில் எழுதிய அக்காவின் யோசனைதான். காய்ச்சல், சளி இருந்தால் அது பொய்யாகக் கூடிக் காட்டும். சளி மாறியபின் இங்கே திருகோணமலையிலேயே சோதித்தோம். 14தான் இருந்தது. படுத்தால் காலை அசைக்காமல் இருக்க முடியாத இந்த அமைதியின்மை (restless legs) உள்ள பிள்ளைகளுக்கு 50க்குக் கீழே போனாலே இரும்புச்சத்து கொடுப்பதை யோசிப்பார்களாம். வெள்ளைச் சோறும் தயிரும் தவிர எதையும் தொடாத பிள்ளை, வேறு எப்படி இருக்கும்?

எதிர்பாராதது இதுதான். குடும்பத்தில் யாருக்காவது கால் உளைச்சல் உண்டா என்று டாக்டர் கேட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "அதுதானே பிள்ளை, ஈரச் சீலையைச் சுத்திக்கொண்டு படுக்கிறனான்" என்றா. அந்தச் சீலையைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன், ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. இந்தக் கால் அமைதியின்மை பரம்பரையாக வரக்கூடியது. தொடர்புள்ள சில மரபணுக்களை 2007இலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

டாக்டர் சொன்ன அளவில் மூன்று மாதம் இரும்புச்சத்துப் பாணி கொடுத்தோம். பல் கறுக்காமல் இருக்க ஸ்ட்ரோவால் குடிக்க வைத்தேன். இப்போது பத்து மணிக்குள் தூங்கிவிடுகிறான். விடியற்காலை எழும்புவது மட்டும் இன்னும் இருக்கிறது. சோதிக்காமல் யாரும் இரும்புச்சத்து கொடுத்துவிடாதீர்கள், கூடினால் ஆபத்து.