பாம்புப் பெட்டியில் மண்சட்டி வைத்த அனுபவம்

எங்கள் வீடு கானாடுகாத்தானில். பழைய வளவு வீடு, சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே கால் வைத்தால் சில்லென்று இருக்கும். நமக்குச் சுகமான இந்த வீட்டில் பால் பைத்தான் என்ற வளர்ப்புப் பாம்புக்குச் சரியான இடம் அமைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. வெப்பத்துக்கு விளக்கும், சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டும் இருந்தால் போதும். என்னைப் படாத பாடு படுத்தியது பெட்டியின் தரையில் விரிக்கும் படுக்கையும் தண்ணீர்ச் சட்டியும்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் ஆப்பிரிக்க இனம், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பது. அதனால் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறேன். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் மண்ணுளியைப் பிடித்து வைத்துக்கொண்டு, இதற்கு என்ன படுக்கை போடலாம் என்று என்னிடம் கேட்டார். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்றேன். ஒப்படைத்துவிட்டார்.

பாம்பு வந்த அன்று அப்பத்தாவிடம் பெயரைச் சொன்னேன். "பால் பைத்தானா? அப்போ சட்டியில பால ஊத்தி வையேம்ப்பா, தண்ணிய எதுக்கு வைக்கிற?" என்றார். பந்து போலச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது, பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். பாம்புக்குப் பாலைச் செரிக்கும் சக்தி கிடையாது. தாகத்தில் தவிக்கும்போது எதை வைத்தாலும் குடிக்கும், அவ்வளவுதான். அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ புத்துக்கு ஊத்துனதெல்லாம்?" என்று மெல்லக் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

முதல் இரண்டு மாதம் செய்தித்தாள்தான் போட்டிருந்தேன். புதிதாக வரும் பாம்புக்கு அதைவிட நல்லது கிடையாது. எச்சம் போனால் உடனே தெரியும், சுருட்டி எடுத்துவிடலாம். தண்ணீருக்கு வெள்ளை இனாமல் கிண்ணம். மூன்றாவது வாரம் காலையில் தண்ணீர் மாற்றப் போனபோது கிண்ணத்தின் அடியில் கசகசாவை விடப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் கிடந்தன. விரலால் தொட்டால் ஒன்றிரண்டு நகர்ந்தது. உண்ணிப் பூச்சி. பாம்பு இரண்டு நாளாகத் தண்ணீரிலேயே கிடந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. கறுப்புக் கிண்ணமாக இருந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்திருப்பேன். அதனால் புதுப் பாம்புக்கு வெள்ளைத் தாள், வெள்ளைக் கிண்ணம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆனால் தாள் ஈரத்தைப் பிடிக்காது. பால் பைத்தானுக்கு ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம் வரை வேண்டும். விளக்கு எரியும் பெட்டிக்குள் ஈரப்பதமானி 40க்குக் கீழே போனது. சட்டை துண்டு துண்டாக உரிந்தது, ஒரு கண்ணின் மேல் பழைய தோல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் தேங்காய் நார்த்தூளுக்கு வந்தேன். சிங்கம்புணரியில் கயிறு தொழில் பிரசித்தம், தூளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு விஷயம், மட்டையிலிருந்து வந்த தூளை அப்படியே போடக்கூடாது. உப்பும் கறையும் இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பிழிந்து, மொட்டை மாடியில் காயவைத்துப் போட வேண்டும். கைப்பிடி அள்ளி அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. அதுதான் பதம்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். இனாமல் கிண்ணம் லேசானது, பாம்பு விளிம்பில் ஏறினால் கவிழ்ந்துவிடும். கனமாக இருக்கட்டும் என்று மானாமதுரை மண்சட்டி ஒன்றை வாங்கி வைத்தேன். பார்க்க அழகு, தண்ணீரும் குளுமை. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று சின்ன வயதிலேயே படித்ததுதானே? சுவர் வழியாகக் கசிந்து ஆவியாவதால்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை. பெட்டிக்குள் கசிந்த நீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் சட்டிக்கு அடியில் இருந்த தூளில் இறங்கியிருக்கிறது. மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருந்தது. பத்து நாள் கழித்துச் சட்டியைத் தூக்கினால் அடியில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை, வாடை வேறு. பாம்பு சட்டியை ஒட்டியே படுத்திருந்ததால் வயிற்றுச் செதிலில் நாலைந்து இடத்தில் செம்பழுப்பாகக் கொப்புளம். மருத்துவர் மருந்து கொடுத்தார், திரும்பவும் தாளில் ஒரு மாதம் வைத்துத்தான் தேறியது. அந்த வயிற்றைத் திருப்பிப் பார்த்த நிமிடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்கு வாயில்லை, நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

அதிலிருந்து நான் படுக்கையையும் சட்டியையும் தனித்தனியாக யோசிப்பதில்லை. சட்டியிலிருந்து போகும் தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பார்க்கிறேன். ஆவியாகக் காற்றில் போனால் நல்லது, தூளில் இறங்கினால் கெடுதல்.

அப்பத்தாதான் வழி காட்டினார். சீராக வந்த சாமான்கள் இன்னும் அறை நிறைய அடுக்கி இருக்கின்றன. அதில் அடுப்பே ஏறாத கல்சட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "குழம்பு வச்ச சட்டி வேணாம், எண்ணெ ஊறியிருக்கும்" என்றும் அவரே சொன்னார். அகலம், தாழ்வான விளிம்பு, இரண்டு கையால் தூக்கும் கனம். இவன் எப்படி ஏறினாலும் அசையாது. பாம்பு உள்ளே சுருண்டாலும் வழியாத அளவுக்குப் பாதி மட்டும் ஊற்றுகிறேன். அடியில் உடைந்த ஆத்தங்குடிக் கல் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். பித்தளையும் செம்பும் வேண்டாம், களிம்பு ஏறும்.

வெயில் காலத்தில் சட்டியைச் சூடான பக்கத்துக்கு நகர்த்துவேன், ஈரப்பதம் ஏறும். ஐப்பசி மழை பிடித்ததும் குளிர்ந்த பக்கத்துக்கு மாற்றிவிட்டு, தூளோடு காய்ந்த மட்டைத் துண்டுகளைக் கலப்பேன், காற்றோட்டம் கிடைக்கும். தண்ணீர் தினமும் மாறும். அதிலேயே எச்சமிட்டுவிட்டால் வெந்நீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவைப்பேன்.

காரைக்குடியில் ஒரு நண்பர் தச்சுப் பட்டறை மரத்தூளைப் போட்டிருந்தார். இலவசம்தான், ஆனால் பொடி பறக்கும், எந்த மரம் என்றும் தெரியாது. அவருடைய பாம்புக்கு வாயோரம் நுரை கட்டி, மூச்சில் கிரீச் சத்தம் வந்தது. மருத்துவர் முதலில் அப்புறப்படுத்தச் சொன்னது அந்தத் தூளைத்தான். தேவதாரு வகை மரச் சீவலும் ஆகாது, அதன் நெடியே பாம்பைக் கெடுக்கும்.

போன வாரம் சட்டை உரித்தது. மூக்கு நுனியிலிருந்து வால் வரை ஒரே துண்டு, இரண்டு கண் மூடியும் கண்ணாடிச் சில் போல அதிலேயே இருந்தன. ஈரமாகக் கல்சட்டி ஓரத்தில் கிடந்ததை அப்பத்தா எடுத்து, வளவு ஓரத்தில் உட்கார்ந்து கையால் அளந்து பார்த்தார்.

"மூணு முழம் இருக்குப்பா."