ரெண்டு இன்ஜின் கூட்ஸ், ஒரு பழைய சிக்னல் போட்டோ: உதவுங்க

கேட்வீட்டுப்பையன்:
வணக்கம். நேத்து சாயங்காலம் எங்க ரயில்வே கேட்டுல ஒரு கூட்ஸ் போச்சு, முன்னாடி ரெண்டு இன்ஜின் ஒட்டிக்கிட்டு. என்ன மாடல்? அப்பா கேட்கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவர், இப்ப பார்வை மங்கிடுச்சு. சத்தத்த வச்சே "டீசல் இல்லடா"ன்னுட்டார். பேரு தெரியணும்னு ராத்திரியெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தார். இன்னொண்ணு, அவரோட பழைய போட்டோவுல பின்னாடி ஒரு சிக்னல் கம்பம், ரெண்டு கை. கீழ்க்கை நுனி மீன்வால் மாதிரி வெட்டியிருக்கு. அது என்ன? சீக்கிரம் சொல்லுங்க.

பொம்மிடி_மணி:
எந்த கேட்டுங்க? தர்மபுரி, பாலக்கோடு, ஓசூர் லைனா? இல்ல மொரப்பூர், பொம்மிடி பக்கமா? இன்ஜின் நம்பர் பார்த்தீங்களா? என்ன கலர்?

சரக்குரயில்_ரசிகன்:
ரெண்டு ஒட்டியிருந்தா டபிள்யூஏஜி-12பி-ங்கற மின்சார இன்ஜின் தாங்க. பீகார்ல மாதேபுரா தொழிற்சாலையில செய்யறது, 12,000 குதிரைத்திறன். ரெண்டு பாகம் சேர்ந்துதான் ஒரே இன்ஜின். சந்தேகமே வேண்டாம்.

ஆல்கோ_அன்பு:
அப்பா சொன்னது சரியான்னு முதல்ல பாருங்க. ஓசூர் லைன்ல நான் சின்ன வயசுல இருந்து டீசல்தான் பார்த்திருக்கேன். டபிள்யூடிஜி-3ஏ-ங்கற டீசல் கூட்ஸ் இன்ஜின் ரெண்டு சேர்த்து வந்தா தரையே அதிரும். புகை வந்துச்சா?

பழைய_லைன்மேன்:
முப்பது வருஷம் கேட்டுல நின்ன மனுஷன் காது தப்பாதுங்க. இங்க ஆளாளுக்குப் பிடிச்ச இன்ஜினைச் சொல்றீங்களே தவிர, கேக்க வேண்டியதை யாரும் கேக்கல. தம்பி, அடுத்த தடவை பார்க்கும்போது கலரைப் பார்க்காதீங்க, சக்கரத்தை எண்ணுங்க. ஒரு பக்கம் தெரியற ஒவ்வொரு சக்கரமும் ஒரு அச்சு. 12பி-ல ஒரு பாகத்துக்கு நாலு அச்சு, மொத்தம் எட்டு. இன்னொரு மின்சார கூட்ஸ் இன்ஜினான டபிள்யூஏஜி-9 ஆனா ஒவ்வொரு இன்ஜினுக்கும் மூணு மூணா ஆறு அச்சு, ரெண்டு சேர்ந்தா பன்னிரண்டு. ஒட்டின இடத்தையும் கவனிங்க. டபிள்யூஏஜி-9-க்கு ரெண்டு முனையிலும் டிரைவர் கேபின், அதனால நடுவுல ரெண்டு கண்ணாடி முகம் எதிரெதிரா இருக்கும். 12பி-ல ஒரு பாகத்துக்கு ஒரு கேபின்தான், உள்பக்கம் சப்பையா இருக்கும். இது அடிப்படை. ஆரம்பிக்கறவங்க முதல்ல இதைப் படிச்சுட்டு வந்து பதில் போட்டா நல்லது.

சரக்குரயில்_ரசிகன்:
நான் ஒண்ணும் ஆரம்பிக்கறவன் இல்லைங்க. தெரிஞ்சதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பொம்மிடி_மணி:
அண்ணா, சண்டை வேண்டாம். எண்ணறது கேட்டுக்கு வெளியவே நின்னு. சிலர் போட்டோ எடுக்கத் தண்டவாளத்துல இறங்கிடறாங்க. ரயில்வே சட்டம் 147-வது பிரிவுல அது குற்றம்.

கேட்வீட்டுப்பையன்:
மொரப்பூர் பக்கம். பச்சைக் கலர். நடுவுல ரெண்டு கண்ணாடி பார்த்த ஞாபகம் இருக்கு. நம்பர் 31-ல ஆரம்பிச்சுது, மிச்சம் தெரியல.

பழைய_லைன்மேன்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். டபிள்யூஏஜி-9, ரெண்டு சேர்த்து ஒரே டிரைவர் ஓட்டறது. ஒண்ணுக்கு 6,120 குதிரைத்திறன். பேசஞ்சருக்கு வர்ற டபிள்யூஏபி-7 இதோட அண்ணன் தம்பி மாதிரி, உடம்பு ஒண்ணுதான், கியர் விகிதம் வேற.

தர்மபுரிக்_கவின்:
சிக்னல் போட்டோ மொரப்பூர் தர்மபுரி நேரோ கேஜ் (குறுகின தண்டவாளம்) காலத்துது போல! எங்க தாத்தா அந்தச் சின்ன ரயிலைப் பத்திச் சொல்வார்.

பழைய_லைன்மேன்:
கவின், கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த இரண்டரை அடி ரயில் 1906-ல வந்தது, 1941-ல மூடிட்டாங்க. இவரோட அப்பா இன்னும் உயிரோட இருக்கார், கேட்கீப்பர் வேலையும் பார்த்தவர். எப்படிப் பொருந்தும்?

தர்மபுரிக்_கவின்:
சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்த லைனைப் பத்தி யாரும் பேசறதில்ல. திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கும் அதே மாதிரி ஒண்ணு ஓடிச்சு. அதுவும் போச்சு. கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னும் ரயில் இல்ல.

ஆல்கோ_அன்பு:
அதுக்குத் தனி இழை போடுங்க கவின், நானும் வர்றேன்.

பொம்மிடி_மணி:
மீன்வால் கை வார்னர், அதாவது முன்கூட்டியே எச்சரிக்கிற சிக்னல். மேல சதுர நுனி, கீழ மீன்வால்னா அது பெரும்பாலும் அவுட்டர் (ஸ்டேஷனுக்கு வெளிய முதல்ல வர்ற) சிக்னல் கம்பம், கீழ வார்னர் மாட்டியிருக்கும். மேல்க்கை படுத்தா நில்லு, சாய்ஞ்சா போ. மேல்க்கை சாய்ஞ்சு மீன்வால் படுத்திருந்தா, போ, ஆனா அடுத்த ஹோம் சிக்னல்ல (ஸ்டேஷனுக்குள்ள நுழையற இடத்துல இருக்கறது) நிக்கத் தயாரா இரு. கேட் சிக்னல்னா கை சதுரமா இருக்கும், கம்பத்துல ஜி எழுத்து போட்ட மஞ்சள் வட்டு இருக்கும். இன்னொரு விஷயம், அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க: ராத்திரியில சிக்னல் விளக்குக்கு முன்னாடி பச்சை காட்டற கண்ணாடி பச்சை கிடையாது, நீலச் சாயல். உள்ள மண்ணெண்ணெய் விளக்கு மஞ்சளா எரியும், நீலம் சேர்ந்தாதான் தூரத்துல பச்சையாத் தெரியும். போட்டோ எந்த வருஷம்?

சரக்குரயில்_ரசிகன்:
இது எனக்குப் புதுசு. நன்றி மணி.

கேட்வீட்டுப்பையன் (மூணு நாள் கழிச்சு):
இன்னைக்கு கேட்டுக்கு வெளிய நின்னு எண்ணினேன். மூணு மூணுதான். அப்பாகிட்ட டபிள்யூஏஜி-9னு சொன்னேன், ரெண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். போட்டோ 1985, பாலக்கோடு பக்கம். நீலக் கண்ணாடின்னதும், தினமும் ஏணி ஏறி அதைத் தொடைச்ச லேம்ப்மேன் பேரு வரைக்கும் சொல்லிட்டார். எல்லாருக்கும் நன்றி.